கோடை வெப்பமும் வீட்டிலிருக்கும் நோயாளரும்

2024ஆம் ஆண்டு அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. இந்திய விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவையொட்டிச் சென்னை மெரினாவில் வான் சாகசக் காட்சி நடைபெற்றது. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்தும் விமானங்கள் எழுந்து சென்றன; இரண்டு நாள் கழித்து அணிவகுப்பும் இங்கேயே நடைபெறவிருந்தது. ஆதலால் நம் பகுதி மக்கள் அதனைத் தம் ஊர்த் திருவிழாவாகவே கருதினர். குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு புறநகர் ரயிலிலும், வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலிலும் திரளாகச் சென்றனர். காட்சி முற்பகல் 11 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 1 மணியளவில் நிறைவுற்றது. பல இலட்சம் மக்கள் நிழலற்ற மணலில் நின்றனர். அன்று ஐவர் உயிரிழந்தனர். மயக்கத்தாலும் நீர்வற்றலாலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற நேர்ந்தது.

அது கோடைக்காலமன்று. கத்திரி கழிந்து நான்கு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தன. அன்று சென்னையின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தொடவுமில்லை. 2003ஆம் ஆண்டு மே மாத இறுதியில் இந்நகரம் 45 டிகிரியைக் கண்டது என்பதை நினைவுகூர்ந்தால், அக்டோபர் மாதத்து அந்த வெயிலை எவரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். இங்கேதான் நாம் கற்க வேண்டிய பாடம் தொடங்குகிறது. “இன்று எத்தனை டிகிரி?” என்று கேட்பதை நாம் வழக்கமாகக் கொண்டுள்ளோம். அந்த எண் வெப்பத்தின் ஆபத்தில் ஒரு பகுதியை மட்டுமே சொல்லும். நோயாளர் இருக்கும் வீட்டில் அது சொல்லும் பகுதி இன்னும் சிறியது.

வியர்வை ஏன் உலர வேண்டும்

ஒரு மனிதர் அசையாமல் அமர்ந்திருந்தாலும் அவருடைய உடல் ஏறத்தாழ நூறு வாட் குண்டு விளக்கு வெளியிடும் அளவுக்கு வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டேயிருக்கிறது. அந்த வெப்பம் தோலின் வழியே வெளியேறியாக வேண்டும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும் வரையில் வெப்பம் தானே வெளியேறும். காற்று 35 டிகிரியைத் தாண்டினால் அது உடலுக்கு வெப்பத்தைக் கொடுக்கத் தொடங்குகிறது. அப்போது எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும்.

வியர்வை ஆவியானால்தான் இந்தப் பயன் கிட்டும். தோலில் வழிந்து தரையில் சொட்டும் வியர்வை உடலின் நீரையும் உப்பையும் குறைக்கிறதே தவிர, உடலைக் குளிர்விப்பதில்லை. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் வியர்வை உலராது. கடலோர நகரமாகிய சென்னையில் 34 டிகிரி புழுக்கம், உள்மாவட்டத்தின் 38 டிகிரி வறண்ட வெயிலுக்கு இணையான சுமையை உடலின்மேல் ஏற்றக்கூடும். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் இதனை அறிந்தே சமவெளிகளுக்கு 40 டிகிரியையும், கடலோர நிலையங்களுக்கு 37 டிகிரியையும் வெப்ப அலையின் தொடக்க வரம்பாகக் கொண்டுள்ளது; அத்துடன் அது இயல்பைவிட 4.5 டிகிரியேனும் கூடுதலாக இருக்க வேண்டும். இந்த வரம்புகளைத் தொடாத நாளில் “வெப்ப அலை” என்னும் அறிவிப்பு வராது. அறிவிப்பு வரவில்லையென்பதால் படுக்கையில் இருக்கும் முதியவருக்கு ஆபத்து இல்லையென்று பொருளன்று.

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், முடிச்சூர் பகுதிகளில் வாழ்வோர்க்கு இன்னொரு செய்தியும் உண்டு. கோடையில் பிற்பகலில் எழும் கடற்காற்று, கரையையொட்டிய பகுதிகளை முதலில் அடைந்து, பிறகே உள்ளே நகர்கிறது. நாமோ கடலிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கிறோம். மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று வலுத்திருக்கும் மே, ஜூன் நாட்களில் கடற்காற்று பிந்தி வரும். சில நாட்களில் நம்மை எட்டுவதேயில்லை. ஆகவே நுங்கம்பாக்கத்தின் அளவைக் காட்டிலும் மீனம்பாக்கத்தின் அளவையே நம் பகுதியினர் கவனித்தல் நன்று. கடற்காற்று வந்தபின் வெப்பமானி இறங்கும். ஆயினும் ஈரப்பதம் ஏறும். “காற்று வந்துவிட்டது, இனி கவலையில்லை” என்று மாலை ஐந்து மணிக்கே நோயாளரை மறந்துவிடலாகாது.

(1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளருக்காக இங்கே சானடோரியத்தை நிறுவியபோது, பச்சைமலை அடிவாரத்தின் திறந்த வெளியும் காற்றோட்டமுமே மருந்தின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டன. அந்தப் பெயரைத் தாங்கிய ரயில் நிலையம் இன்றும் உள்ளது. ஆனால் அடுத்தடுத்துக் கட்டப்பட்ட அடுக்குமாடி வீடுகளுக்குள் அந்தக் காற்று எளிதில் நுழைவதில்லை.)

கத்திரி பற்றியும் ஒரு சொல். பஞ்சாங்கப்படி மே 4ஐ ஒட்டித் தொடங்கி மே 28 அளவில் முடியும் அந்த இருபத்தைந்து நாட்களை மட்டுமே ஆபத்தான காலமென்று பலர் கருதுகின்றனர். உடலோ பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. மருத்துவ நோக்கில், பருவத்தின் முதல் கடும் வெப்பமே மிகவும் கவனிக்கத்தக்கது. ஏனெனில் வெப்பத்துக்கு ஏற்ப வியர்வையையும் இரத்த ஓட்டத்தையும் மாற்றிக்கொள்ள உடலுக்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் தேவைப்படுகின்றன. குளிரூட்டிய தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நாள் இருந்துவிட்டு மே மாதத்தில் வீடு திரும்பும் நோயாளர், அந்தப் பழக்கத்தை இழந்தவராகவே திரும்புகிறார். வீட்டில் மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் வெப்பத்தை அவரும் தாங்குவார் என்று எண்ணலாகாது.

எந்த அறையில் கட்டில் இருக்கிறது

மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை மனத்தில் கொள்வோம். மேல்மாடியில் மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின், எழுபத்தைந்து வயது மூதாட்டி தனியே இருக்கிறார். தலைக்கு மேல் மொட்டை மாடி. காலை முதல் மாலை வரை வெயிலை உண்ட காங்கிரீட் தளம், இரவு முழுவதும் அந்த வெப்பத்தைக் கீழே உள்ள அறைக்குள் இறக்குகிறது. தெருவில் பத்து மணிக்குக் காற்று குளிர்ந்துவிடுகிறது. அந்த அறையோ நள்ளிரவிலும் கொதிக்கிறது. பகலில் வெப்பத்தோடு போராடிய இதயத்துக்கு இரவில்தான் ஓய்வு கிடைக்க வேண்டும். அந்த ஓய்வு இரண்டு, மூன்று இரவுகள் தொடர்ந்து கிடைக்காமற்போனால், வெளியே செல்லாத, வெயிலையே காணாத ஒருவரும் வெப்பத்தால் வீழ்வார். 2003ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரான்சு நாட்டில் ஏறத்தாழ 15,000 பேர் வெப்ப அலையால் இறந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முதியோர். தனியே வாழ்ந்தோரும் பலர். வெயிலில் அலைந்து இறந்தவர்களைவிட வீட்டுக்குள்ளேயே இறந்தவர்கள் மிகுதி.

நம் நாட்டில் இதற்குரிய பெரும்பாடம் அகமதாபாத்திலிருந்து கிடைத்தது. 2010ஆம் ஆண்டு மே மாதம் அந்நகரில் வெப்பநிலை 46.8 டிகிரியை எட்டியது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்ததாகப் பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அதன் விளைவாக 2013இல் அந்நகரம் தெற்காசியாவின் முதல் வெப்பத் தடுப்புச் செயல்திட்டத்தை வகுத்தது. அந்த வரலாற்றில் மருத்துவமனைக்காரர்களாகிய எங்கள் மனத்தில் நிலைத்த செய்தி ஒன்றுண்டு. அங்குள்ள ஒரு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளின் பிரிவு மேல்தளத்தில், கூரைக்கு நேர்கீழே இருந்தது. குழந்தைகள் வெப்பத்தால் பாதிக்கப்படுவதைக் கண்ட மருத்துவர்கள் அப்பிரிவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினர், பாதிப்பு குறைந்தது. புதிய மருந்தோ கருவியோ அதற்குத் தேவைப்படவில்லை. கட்டிலை இடம் மாற்றினார்கள், அவ்வளவே.

வீட்டிலும் அதையே செய்யலாம். கீழ்த்தளத்தில் உறவினரோ நெருங்கிய அண்டை வீட்டாரோ இருப்பின், கடும் வெப்பம் நிலவும் சில நாட்களுக்கு நோயாளரின் படுக்கையை அங்கே அமைக்க இயலுமா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படுவோர் பலர் என்பதை அறிவோம். அது இயலாதபோது, மேற்குச் சுவரையொட்டிய கட்டிலைக் கிழக்குப் பக்கம் நகர்த்துங்கள். காலை ஒன்பது மணிக்குமேல் வெயில் விழும் சன்னல்களை மூடித் திரையிடுங்கள். வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்தபின் எல்லாச் சன்னல்களையும் திறந்துவிடுங்கள். மொட்டை மாடியில் வெண்சுண்ணாம்போ வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளை வண்ணமோ பூசுவது நல்ல பலன் தரும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையுள்ள வீடுகளுக்கு இது இன்னும் இன்றியமையாதது. வாடகை வீடாயின் வீட்டு உரிமையாளரிடம் மருத்துவச் சீட்டைக் காட்டிக் கேட்பதில் தவறில்லை.

மின்விசிறியைப் பற்றிய தவறான நம்பிக்கை பரவலாக உள்ளது. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வை உலர உதவுகிறது. அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி சூடான காற்றையே உடலின்மேல் வீசும் என்பதால் உலகச் சுகாதார நிறுவனம் அதனைப் பரிந்துரைப்பதில்லை. முதியோர்க்கு வியர்வை குறைவாகவே சுரக்கும்; ஆகவே அவர்களுக்கு வெறும் விசிறியால் கிட்டும் பயனும் குறைவு. கை, கால், கழுத்து, முதுகு ஆகியவற்றை ஈரத்துணியால் நனைத்துவிட்டு விசிறியைச் சுழலவிடுவதே முறை. வியர்வை செய்ய வேண்டிய வேலையை அந்த நீர் செய்யும். குளிர்சாதனம் உள்ள வீட்டில் 27 டிகிரியில் வைத்து விசிறியையும் சேர்த்து இயக்கினால் போதுமானது. மின்கட்டணமும் தாங்கக்கூடியதாக இருக்கும். தண்ணீர் ஊற்றி இயக்கும் ஏர் கூலரை மூடிய அறையில் பயன்படுத்தலாகாது. அது அறையின் ஈரப்பதத்தைப் பெருக்கும். சன்னல் திறந்திருக்க வேண்டும்.

“நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்பது எல்லோர்க்கும் பொருந்துமா

கோடை வந்ததும் எல்லோரும் சொல்லும் அறிவுரை இது. உடல்நலமுள்ளவர்க்கு இது சரியானதே. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகப் பருக வேண்டும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருத்தல் போதிய நீரின் அடையாளம். முதியோர்க்குத் தாக உணர்வு மழுங்கியிருக்கும். “தாகமாக இருக்கிறதா, அம்மா?” என்று கேட்டால் “இல்லை” என்றே விடை வரும். கேட்காமல் டம்ளரைக் கையில் கொடுப்பதே நன்று. இரவில் எழுந்து கழிப்பறைக்குச் செல்ல அஞ்சி மாலையிலேயே நீர் அருந்துவதை நிறுத்திவிடும் பெண்கள் பலர். அவர்களுக்குத் தேவை அறிவுரையன்று; கட்டிலருகே ஒரு விளக்கும், பிடித்து நடக்க ஒரு துணையும்.

ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவர்க்கும், சிறுநீரகம் பழுதுற்று டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கும் நாள்தோறும் அருந்தும் நீரின் அளவு வரையறுக்கப்பட்டிருக்கும். அவர்கள் “வெயில் காலம்தானே” என்று எண்ணி இஷ்டம்போல் குடித்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் ஏற்படக்கூடும். அதற்கு அஞ்சி, வியர்வை பெருகும் நாளிலும் ஒரு துளியும் கூட்டாமல் இருந்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்து மயங்கக்கூடும். இரு பக்கமும் பள்ளம். நடுவிலுள்ள வழியைக் காட்டும் எளிய கருவி எடை பார்க்கும் இயந்திரம். காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், அதே அளவான உடையில் எடையைப் பார்த்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இரண்டு, மூன்று நாட்களில் இரண்டு கிலோ ஏறினால் நீர் தேங்குகிறது. அவ்வாறே இறங்கினால் நீர் வற்றுகிறது. எது நேர்ந்தாலும் அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். கோடைக்கு எவ்வளவு நீர், வியர்வை மிகுந்த நாளில் எவ்வளவு கூட்டலாம் என்பதை ஏப்ரல் மாதத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது சிறந்தது. டயாலிசிஸ் நோயாளர் தாகத்தைத் தணிக்க, கணக்கில் சேர்த்த சிறு பனிக்கட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம். வாய் கொப்பளித்து உமிழலாம்.

இளநீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையெங்கும் வண்டிகளில் குவிந்திருக்கும் இளநீரைவிட நல்ல கோடைப் பானம் இல்லையென்பது நம் மக்களின் உறுதியான எண்ணம். நோயாளரைப் பார்க்க வரும் உறவினர் கையில் இரண்டு இளநீரோடு வருவது நம் பண்பாடு. சிறுநீரகம் நன்கு இயங்குபவர்க்கு அது நல்லதே. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு அது நஞ்சாகக்கூடும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி; அதனை வெளியேற்ற முடியாத உடலில் அது இரத்தத்தில் பெருகி இதயத் துடிப்பையே நிறுத்திவிடலாம். ஸ்பைரோனோலாக்டோன் போன்ற சில மாத்திரைகளை உட்கொள்ளும் இதய நோயாளர்க்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அன்போடு கொண்டுவந்ததை மறுப்பது கடினம். “மருத்துவர் தடுத்திருக்கிறார்” என்று எங்கள்மேல் பழியைப் போட்டுவிடுங்கள். மற்றவர்களும் ஒன்றை அறிந்திருக்கட்டும்: வியர்வையில் மிகுதியாக வெளியேறுவது சோடியம், இளநீரில் அது குறைவு. வெயிலில் உழைத்துச் சோர்ந்தவர்க்கு உப்பிட்ட நீர்மோர் இளநீரைவிடப் பொருத்தமானது. அதே நீர்மோர் உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளர்க்கு உப்பின்றியே தரப்பட வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழு ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். அது உப்பை அளவுக்கு மீறிச் செறிவாக்கி நோயாளரை மேலும் வாட்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவின்படி ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ் மட்டுமே உள்ளது. ஆகவே வயிற்றுப்போக்காலோ வெப்பத்தாலோ நீர் வற்றிய நீரிழிவு நோயாளரும் அதனை அருந்தலாம். சர்க்கரைக்கு அஞ்சி மறுக்க வேண்டியதில்லை. பெட்டிகளில் அடைத்து விற்கப்படும் சில இனிப்புப் பானங்கள் இதே பெயரைத் தாங்கி வந்தன. அவற்றில் சர்க்கரை பன்மடங்கு. 2025ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அத்தகைய பானங்களில் அப்பெயரைப் பயன்படுத்தக் கூடாதென்று ஆணையிட்டது. பொட்டலத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவை என்ற குறிப்பைப் பார்த்து வாங்குங்கள். பானகம், நன்னாரி சர்பத், குளிர்பானம் ஆகியவை நீரிழிவு நோயாளர்க்கு ஏற்றவையல்ல.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குக் கோடையிலும் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். நீர் அருந்த வேண்டியவர் தாய்.

மாத்திரைப் பெட்டியில் மறைந்திருப்பவை

நோயாளரைப் பொறுத்தவரை வெப்பத்தின் ஆபத்தைக் கூட்டும் காரணங்களுள் ஒன்று அவர் நாள்தோறும் நம்பி உட்கொள்ளும் மருந்தே. இதைப் படித்துவிட்டு எவரும் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் விளையும் தீங்கு வெப்பத்தின் தீங்கைவிடப் பெரிதாக இருக்கலாம். கேட்டறிவதற்காகவே இதைச் சொல்கிறோம்.

மக்கள் “நீர் மாத்திரை” என்று அழைக்கும் ஃபுரோசமைடு முதலியவை உடலிலிருந்து நீரையும் உப்பையும் வெளியேற்றுபவை. வியர்வையும் அதே வேலையைச் செய்யும் பருவத்தில் இழப்பு இரட்டிப்பாகிறது. சில நோயாளர்க்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இரத்த அழுத்தத்துக்கான பிற மாத்திரைகளும் கோடையில் அழுத்தத்தைக் கூடுதலாக இறக்கக்கூடும். படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றினால் வீட்டிலுள்ள கருவியில் அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். மனநலச் சிகிச்சைக்குரிய மருந்துகள் சில, உடலின் வெப்பக் கட்டுப்பாட்டையும் தாக உணர்வையும் குறைக்கின்றன. அவற்றோடு கொடுக்கப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில் வியர்வையையே தடுக்கிறது. அத்தகைய நோயாளர் கடும் வெயிலில் கம்பளிச் சட்டையுடன் நடப்பதைக் கண்டும், “அவர் வழக்கம் அது” என்று விட்டுவிடுவோர் உண்டு. விட்டுவிடாதீர்கள். லித்தியம் உட்கொள்பவரின் உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஏறி நஞ்சாகும். கை நடுக்கம் கூடுவதும் நடை தள்ளாடுவதும் அதன் அறிகுறிகள்.

வலி மாத்திரைகளைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க இயலவில்லை. வெயிலில் அலைந்து உடம்பு வலித்தால் மருந்துக்கடையில் சீட்டின்றி டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்குவது நம் பகுதியில் மிகச் சாதாரணமான பழக்கம். நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கிறது. நீர் மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் உட்கொள்பவர் அதைச் சேர்த்து உட்கொண்டால் ஓரிரு நாட்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கக்கூடும்.

இன்சுலின் போடுவோர் கோடையில் அதன் வேகம் கூடுவதை எதிர்பார்க்க வேண்டும். தோலில் இரத்த ஓட்டம் மிகுவதால் மருந்து விரைவாக உறிஞ்சப்பட்டுச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். வியர்த்துக் கொட்டிப் படபடப்பு வந்தால் அது வெயிலா, தாழ்சர்க்கரையா என்று ஊகிக்காமல் குளுக்கோமீட்டரில் பாருங்கள். பயன்பாட்டிலுள்ள இன்சுலின் 30 டிகிரிக்கு மேல் இருக்கலாகாது; நம் வீடுகளில் மே மாத அறைகள் அதைத் தாண்டுகின்றன. குளிர்பதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைக்கலாம்; உறைபனி அறையில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். பெட்டி இல்லாத வீட்டில், பெரிய மண்பானைக்குள் ஈரமணலிட்டு, அதில் சிறு மண்கலயத்தை அமிழ்த்தி, நீர் படாதவாறு குப்பியை உள்ளே வைக்கும் பழைய முறை பயன்தரும். புழுக்கம் மிகுந்த நாட்களில் அதன் குளிர்ச்சி குறையும். ஆயினும் வெறும் அலமாரியைவிட அது மேல். இருசக்கர வண்டியின் பெட்டியிலோ, நிறுத்திய காரிலோ இன்சுலினையும் ஆஸ்துமா உறிஞ்சியையும் விட்டுச்செல்வது கூடாது.

பேச்சு மாறினால்

வெப்பத்தின் பாதிப்பில் இரண்டு நிலைகளைப் பிரித்தறிவது பராமரிப்போர்க்கு இன்றியமையாதது. முதலாவது தளர்ச்சி: மிகுந்த வியர்வை, தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, எழுந்தால் தலைசுற்றல். நோயாளர் சோர்ந்திருப்பார், ஆனால் கேட்டதற்குச் சரியாக விடை சொல்வார். அவரை நிழலுக்கோ குளிர்ந்த அறைக்கோ கொண்டுசென்று, படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி, உடைகளைத் தளர்த்தி, உடலை நனைத்து விசிறி, சிறிது சிறிதாக நீர் கொடுத்தால் பெரும்பாலும் அரைமணி நேரத்தில் தேறுவார். தேறாவிட்டால் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

இரண்டாவது, ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பத்தாக்கு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளையைத் தாக்கும் நிலை இது. இதன் முதன்மையான அடையாளம் மனநிலை மாற்றம். பொருந்தாத பேச்சு, வீட்டாரை அடையாளம் தெரியாமை, காரணமற்ற கோபம், தள்ளாட்டம், அரைமயக்கம், வலிப்பு ஆகியவை அதன் வடிவங்கள். தோல் உலர்ந்து கொதிக்கும் என்று பழைய நூல்கள் சொல்லும். உழைப்பின்போது தாக்குண்டவர்க்கு வியர்வை வழிந்துகொண்டேயிருக்கலாம். ஆகவே வியர்வையைப் பார்க்காதீர்கள், பேச்சைக் கவனியுங்கள். அக்குளில் வைத்த வெப்பமானி குறைத்துக் காட்டக்கூடும். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். முதியவர் உளறினால் “வயதாகிவிட்டது, தூங்கட்டும்” என்று விட்டுவிடுவதே நாங்கள் காணும் மிகப் பெரிய தவறு. மாலையில் தூங்கவிட்டவரை மறுநாள் காலையில் கொண்டுவருகிறார்கள்.

உடனே 108ஐ அழையுங்கள். அழைத்தபின் வண்டி வரும்வரை கைகட்டி நிற்காதீர்கள். பெருங்களத்தூரிலோ மேடவாக்கம் சந்திப்பிலோ மாலை நெரிசலில் வண்டி சிக்கிக்கொண்டால், அந்த நிமிடங்களெல்லாம் மூளை வேகும் நிமிடங்கள். அரைமணி நேரத்துக்குள் உடலைக் குளிர்விக்கத் தொடங்கியோர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அதனை மருத்துவமனையில் தொடங்கலாமென்று காத்திருப்பது பிழை. உடைகளைக் களையுங்கள், இங்கே கூச்சத்துக்கு இடமில்லை, மெல்லிய ஈரத்துணி ஒன்றால் போர்த்தினால் போதும். குழாய்நீரைத் தலை முதல் கால் வரை தொடர்ந்து ஊற்றி, விசிறியால் வேகமாக விசிறுங்கள். பனிக்கட்டி இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வையுங்கள். வண்டியில் ஏற்றியபின்னும் இதனை நிறுத்த வேண்டியதில்லை.

நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் ஒரு மிடறு நீரும் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழாயில் புகும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பாராசிட்டமால் இந்தக் காய்ச்சலைக் குறைக்காது, தீங்கும் செய்யலாம். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. அடிபடாமல் பார்த்துக்கொண்டு, குளிர்விப்பதைத் தொடருங்கள். முகம் ஒருபக்கம் கோணியிருந்தாலோ, ஒரு கை மட்டும் தொய்ந்திருந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அதையும் 108 பணியாளரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் வெப்ப அலையை மாநிலத்துக்குரிய பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் உயிரிழந்தோரின் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணமும் அதில் அடங்கும். வெப்பம் காரணமென்று பதிவாவது சிகிச்சைக்கும் தேவை, பின்னர் குடும்பத்துக்கும் தேவை. ஆகவே அவசரப் பிரிவில் சேர்க்கும்போது, நோயாளர் எந்த அறையில் எவ்வளவு நேரம் இருந்தார், கடைசியாக எப்போது சரியாகப் பேசினார், எப்போது சிறுநீர் கழித்தார், எப்போதிலிருந்து உடலில் நீர் ஊற்றினீர்கள் என்பவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவருடைய மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்து வாருங்கள். பெயர்களை நினைவுபடுத்திச் சொல்ல முயல வேண்டாம்.